ஓராண்டு ஒப்பந்தம், 38 தொடர் ஆட்டங்கள்: டெவன் டப்னிக் பற்றிப் பேசலாமா?

பனித்தளம் (செயின்ட் பால், மினசோட்டா)

போன வாரம் இன்னொரு இழையில் ஒருவர், “பேக்கப் கோல்கீப்பர் (முதல் கீப்பருக்கு மாற்றாக இருப்பவர்) என்றால் சம்பளம் வாங்கிக்கொண்டு பக்கத்திலிருந்து மேட்ச் பார்ப்பவர்” என்று எழுதியிருந்தார். அங்கேயே பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. அதனால் தனி இழை.

இந்தப் பேச்சு வந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருபவர் டெவன் டப்னிக். 2015 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அவர் இந்த ஊரில் ஆடிய ஆட்டங்களில் பலவற்றை அரங்கின் மேல்மாடியில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

ஐஸ் ஹாக்கி அதிகம் பார்க்காதவர்களுக்காக முன்கதை. 6 அடி 6 அங்குல உயரம். 2004 டிராஃப்டில் (இளம் வீரர்களை அணிகள் வரிசை முறையில் தேர்ந்தெடுப்பது) எட்மண்டன் ஆயிலர்ஸ் முதல் சுற்றிலேயே, 14-ஆவது ஆளாக எடுத்தது. 2012-இல் இரண்டு ஆண்டுகளுக்கு 70 லட்சம் டாலர் ஒப்பந்தம். வாழ்க்கை சீராகப் போகிறது என்றுதான் யாரும் நினைப்போம். அப்புறம் 2013-14 சீசன் வந்தது. 32 ஆட்டங்களில் சேவ் சதவீதம் .894. அதாவது ஆயிரம் ஷாட் வந்தால் 106 உள்ளே போகிறது. என்.எச்.எல். என்ற இந்த வட அமெரிக்க லீகில் அது பிழைக்க முடியாத எண். 2014 ஜனவரி 15 அன்று நாஷ்வில்லுக்கு அனுப்பினார்கள். அங்கே இரண்டே ஆட்டம். மார்ச் மாதம் மான்ட்ரியாலுக்கு மாற்றினார்கள். மேல் அணிக்கு ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை, ஹாமில்டனில் இருந்த கீழ்நிலை அணிக்குப் போனார். ஒரே சீசனில் நான்கு ஊர்.

அந்தக் கோடையில் அவருக்கு 28 வயது. அரிசோனா கயோட்டிஸ் அணியுடன் ஓராண்டுக்கு 8 லட்சம் டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். மைக் ஸ்மித் என்ற முதல் கீப்பருக்குப் பின்னால் இரண்டாம் இடம். எட்மண்டனில் ஓராண்டுக்கு வாங்கியது 35 லட்சம். கிட்டத்தட்ட கால்பங்குச் சம்பளம், அதுவும் ஒரே ஒரு வருடத்துக்கு.

நான் சொல்ல வருவது இதைத்தான். ‘குறுகிய ஒப்பந்தத்தில் தன்னை நிரூபித்தார்’ என்று அவரைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். ஒப்பந்தம் அவருக்குத் தந்தது வாசற்கதவு மட்டும். அரிசோனாவில் அப்போது கோல்கீப்பர் கோச்சாக இருந்தவர் ஷான் பர்க். அவரும் உயரமான ஆள், இந்த லீகில் நெடுங்காலம் கீப்பராக நின்றவர். டப்னிக் போய்ச் சேர்ந்தது அவரிடம். வேலையைத் திரும்ப அடியிலிருந்து கட்டியது அங்கே. யாரும் பார்க்காத இடத்தில் நடந்த அந்த வேலைதான் நிரூபணம் என்பது என் கட்சி. உங்கள் கருத்து?

எண்கணக்கு

நல்ல இழை. ஆனால் நான் மறுபக்கம் நிற்கிறேன்.

2015 ஜனவரியில் அரிசோனாவிலிருந்து மாறி வந்தபின் மினசோட்டாவில் அவர் ஆடியது 39 ஆட்டம். 27 வெற்றி, 9 தோல்வி, கூடுதல் நேரத்தில் 2 தோல்வி. ஆட்டத்துக்கு விட்டது 1.78 கோல், சேவ் சதவீதம் .936. இதை வைத்துக்கொண்டு 2015 ஜூனில் ஆறு ஆண்டுகளுக்கு 2.6 கோடி டாலர் கொடுத்தார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி. கோல்கீப்பரின் பானை அப்படி வேகுவதில்லை. ஒரே பானையில் மேல் பாதி குழைந்தும் அடிப் பாதி அரிசியாகவும் இருக்கும்.

அதே 2015-இல், அதே மாதங்களில் ஒட்டாவாவில் நடந்ததைப் பாருங்கள். ஆண்ட்ரூ ஹேமண்ட். டிராஃப்டில் யாரும் எடுக்காதவர். முதல் இரண்டு கீப்பர்களும் காயப்பட்டதால் பிப்ரவரியில் உள்ளே வந்தார். 20 வெற்றி, 1 தோல்வி, கூடுதல் நேரத்தில் 2 தோல்வி. சேவ் சதவீதம் .941. டப்னிக்கை விட அதிகம்! கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளான பிளேஆஃப் இடத்துக்கு 14 புள்ளி பின்னால் கிடந்த அணி உள்ளே போனது. அவருக்கும் மூன்று ஆண்டு ஒப்பந்தம் கிடைத்தது. அடுத்த சீசனில் .914. அதற்கடுத்த சீசனில் மேல் அணிக்கு விரல்விட்டு எண்ணும் ஆட்டங்கள்தான். 2017-இல் ஒரு பெரிய டிரேடில் (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது) சேர்த்துக் கொலராடோவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு பேரும் பாதி சீசன் வானத்தில் பறந்தார்கள். ஒருவர் தங்கினார், ஒருவர் இறங்கினார். அந்தப் பாதி சீசனை மட்டும் வைத்து முன்கூட்டியே பிரித்துச் சொல்ல யாராலும் முடிந்திருக்காது.

இரவுப்பணி (சென்னை)

ஹேமண்டுக்காக ரசிகர்கள் ஐஸ் மேல் ஹாம்பர்கர் வீசியது இந்தக் காலத்தில்தானே? அவர் பட்டப்பெயர் ‘ஹாம்பர்க்ளர்’. ஜெயித்த பிறகு அவருடைய அணி ஆள் ஒருவர் ஐஸில் விழுந்த பர்கரை எடுத்துக் கடித்த வீடியோ எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. இங்கே விடியற்காலை மூன்று மணிக்கு.

எட்மண்டன் நிலா

ஆமாம், கர்டிஸ் லஸார். அப்போது இருபதே வயதுப் பையன்.

நான் ஆயிலர்ஸ் ரசிகை. டப்னிக் இங்கே இருந்த கடைசி மாதங்களை அரங்கில் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றிப் பேச இன்னும் மனசு கனமாகத்தான் இருக்கிறது. நீளமான ஆள் முழங்காலில் இறங்குவதற்கு முன்னாலேயே பக் (ஐஸ் ஹாக்கியின் ரப்பர் வட்டு) உள்ளே போய்விடும். அப்புறம் அவர் வலைக்கு உள்ளே திரும்பிப் பார்த்துக்கொண்டு ஒரு நொடி நிற்பார். அந்த ஒரு நொடியில் அரங்கமே அவரைத் திட்டும். எங்கள் தற்காப்பும் அந்த வருடம் ஓட்டைதான், ஆனால் திட்டு விழுந்தது ஒருத்தர் தலையில்.

எண்கணக்கு சார் சொல்வதில் எனக்கு ஒரு சந்தேகம். 2012-13-இல் இதே எட்மண்டனில் 38 ஆட்டங்களில் அவருக்கு .920 இருந்தது. நல்ல எண்தான். அப்படியென்றால் .894-தான் விபத்து, .936 இல்லை என்றும் சொல்லலாமே?

எண்கணக்கு

சொல்லலாம். நியாயமான கேள்வி. இரண்டுமே ஓரங்கள் என்பதுதான் என் பதில். உண்மையான டப்னிக் நடுவில் எங்கோ இருந்தார். ஒப்பந்தத்துக்குப் பிந்திய சீசன்களைப் பாருங்கள்: .918, .923, .918, .913. லீக் சராசரி அப்போது .910-க்கும் .915-க்கும் இடையே. நல்ல கீப்பர், தொடர்ந்து ஆடக்கூடியவர். ஆனால் .936 திரும்ப வரவே இல்லை. ஆட்டத்துக்கு 28 ஷாட் என்று வைத்தால் .936-க்கும் .918-க்கும் இடையே அரை கோல். 82 ஆட்டத்திலும் ஆட்டத்துக்கு அரை கோல் என்பது சின்ன விஷயம் இல்லை.

பனித்தளம்

ஒப்புக்கொள்கிறேன், .936 என்றைக்கும் நிற்காது. ஆனால் அந்த எண் எந்தச் சூழலில் வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

2014 அக்டோபரில் சீசன் தொடங்கியபோது மினசோட்டாவின் கீப்பர் டார்சி கெம்பர். முதல் இரண்டு ஆட்டத்திலும் கொலராடோவுக்கு எதிராக ஷட்அவுட், அதாவது ஒரு கோல்கூட விடவில்லை. ஊரே கொண்டாடியது. அப்புறம் ஒவ்வொன்றாகச் சரிந்தது. டிசம்பரில் ரையன் சூட்டர் உட்படத் தற்காப்பு ஆட்டக்காரர்கள் சிலருக்குப் பொன்னுக்குவீங்கி வந்தது (ஆமாம், அதேதான், கன்னம் வீங்கும் அந்த நோய். லீகில் பல அணிகளில் அந்த வருடம் பரவியது). எங்கள் கோல்கீப்பிங் எண் பட்டியலின் அடிப்பகுதிக்குப் போய்விட்டது. ஜனவரி தொடக்கத்தில் கோச் மைக் யோ பயிற்சியின்போது பொறுமை இழந்து கத்திவிட்டு ஐஸை விட்டே வெளியேறினார். அது டிவியில் திரும்பத் திரும்ப ஓடியது.

ஜனவரி 13, செவ்வாய்: பிட்ஸ்பர்கில் 7-2 தோல்வி. 14, புதன்: மூன்றாம் சுற்று டிராஃப்ட் உரிமை ஒன்றைக் கொடுத்து டப்னிக்கை வாங்கினார்கள். 15, வியாழன்: பஃபலோவில் புது அணியோடு முதல் ஆட்டம், 7-0. இரண்டு நாளில் ஏழு வாங்கிய அணி ஏழு கொடுத்தது.

அன்று அவர் தடுத்தது 18 ஷாட்தான். பஃபலோ அந்த வருடம் பலவீனமான அணி. அதனால் நானும் பெரிதாக நம்பவில்லை. ஆனால் அன்று தொடங்கியது 38 ஆட்டம் தொடர்ந்தது. ஒரு நாள்கூட ஓய்வு இல்லை. அடுத்தடுத்த நாள் ஆட்டங்களிலும் அவரே நின்றார். டிரேடு நடந்த அன்று 18 வெற்றி, 19 தோல்வி, 5 கூடுதல் நேரத் தோல்வி என்று இருந்த அணி சீசன் முடிவில் 100 புள்ளி எடுத்தது.

இன்னொன்றையும் பாருங்கள். அரிசோனாவில் பாதி சீசன் அவர் ஆடியது 19 ஆட்டம்: 9 வெற்றி, 5 தோல்வி, 2 கூடுதல் நேரத் தோல்வி, .916. அதே அணிக்கு முதல் கீப்பர் ஸ்மித்தின் சீசன் 14 வெற்றி, 42 தோல்வி. அதே தற்காப்பு, அதே ஐஸ், அதே கோச். பேக்கப்பாக நின்ற டப்னிக்கின் கணக்கில் மட்டும் வெற்றி தோல்வியை விட அதிகம். மினசோட்டா அவரை ஏதோ லாட்டரியில் எடுக்கவில்லை. அந்த 19 ஆட்டத்தைப் பார்த்துத்தான் எடுத்தது.

ஸ்காபரோ அண்ணை

வணக்கம் எல்லோருக்கும். பொன்னுக்குவீங்கி என்றதும் முதலில் விளங்கவில்லை, நாங்கள் கூகைக்கட்டு என்று சொல்லுறது. 

நான் கெம்பர் பக்கம் கொஞ்சம் கதைக்க வேண்டும். எல்லோரும் வந்தவரைப் பற்றிக் கதைக்கிறீர்கள், இடத்தை விட்டுக் கொடுத்த பெடியனைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. அந்த ஜனவரி 15-க்குப் பிறகு முதல் இடம் கெம்பரிடம் இல்லை. அடுத்த இரண்டு சீசனும் டப்னிக்குக்குப் பின்னால்தான். 2017-இல் மினசோட்டா அவரை விட்டுவிட்டது.

பிறகு அவர் செய்ததும் அச்சொட்டாக டப்னிக் செய்த அதே அலுவல்தான். லொஸ் ஏஞ்சல்ஸில் ஓராண்டு ஒப்பந்தம், ஆறரை லட்சம் டொலர், ஜொனதன் குவிக்குக்குப் பின்னால் இரண்டாவது. 10 வெற்றி, 1 தோல்வி, 3 கூடுதல் நேரத் தோல்வி, .932. பெப்ரவரியில் அரிசோனா அவரை வாங்கிப்போட்டு உடனேயே இரண்டு ஆண்டு ஒப்பந்தமும் கொடுத்தது. 2022-இல் கொலராடோவின் கீப்பராக லீகின் வெற்றிக் கோப்பையான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். பிறகு வாஷிங்டனில் ஐந்து ஆண்டு, 2.625 கோடி டொலர். டப்னிக்குக்கு ஆறு வருடத்துக்குக் கிடைத்ததை விடக் கொஞ்சம் கூட.

அந்த 2022 பிளேஆஃபில் முதல் சுற்றிலேயே எதிராளியின் தடி முகக்கவசத்தின் கம்பிக்குள்ளால் போய்க் கண்ணில் பட்டது. அப்படியும் திரும்பி வந்து நின்றார்.

இரவுப்பணி

இது எனக்குத் தெரியாது அண்ணா. இடம் பறிபோனவர்தான் கடைசியில் கோப்பையைத் தூக்கினாரா! டப்னிக்குக்குக் கோப்பை இல்லைதானே?

பனித்தளம்

இல்லை. 2015 பிளேஆஃபில் செயின்ட் லூயிஸை ஆறு ஆட்டத்தில் வென்றோம். அதில் நான்காவது ஆட்டம் எங்கள் அரங்கில் 6-1 தோல்வி. டப்னிக்கைப் பாதியில் வெளியே எடுத்துவிட்டார்கள். அன்று இரவு வீட்டுக்கு நடந்தபோது கனவு கலைந்தது என்றே நினைத்தேன். அடுத்த ஆட்டத்தில் செயின்ட் லூயிஸில் 36 சேவ் செய்து ஜெயித்துக் கொடுத்தார். அந்த 36-ஐ நான் .936-க்கு மேலே வைப்பேன். அடுத்த சுற்றில் சிகாகோ நான்கு ஆட்டத்தில் எங்களை முடித்துவிட்டது. அதன்பின் டப்னிக்கோடு ஒரு பிளேஆஃப் சுற்றைக்கூட நாங்கள் தாண்டவில்லை. அது உண்மை, மறைக்க ஒன்றும் இல்லை.

கோவில்பட்டி கீப்பர்

நான் புல்தரை ஹாக்கிக்காரன், உங்கள் ஐஸ் ஹாக்கி எனக்கு யூடியூப் அறிவுதான். ஆனால் இந்த இழையை மூன்று முறை படித்துவிட்டேன். காரணம் இருக்கிறது.

நான் காலையில் பையன்களுக்குக் கோல்கீப்பிங் சொல்லித் தருகிறேன். எங்கள் ஊரில் ஹாக்கி என்பது மற்ற ஊரில் கிரிக்கெட் மாதிரி. தெருவுக்குத் தெரு மட்டை இருக்கும். என்னிடம் இரண்டு கீப்பர் பையன்கள். இரண்டாவது பையனுக்குப் பதினைந்து வயது. நான்கு மாதமாக ஒரு போட்டியில்கூட இறங்கவில்லை. போன ஞாயிறு மேட்ச் நடக்கும்போது திரும்பிப் பார்க்கிறேன், காலில் பேட், கிக்கர் எல்லாம் மாட்டிக்கொண்டு மற்றவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் நிரப்பிக்கொண்டிருக்கிறான். பேட் போட்ட காலோடு குழாயடியில் குனிய முடியாமல் ஒரு காலை நீட்டிக்கொண்டு நின்ற விதம் எனக்கு என்னவோ செய்துவிட்டது. நேற்று வந்து, “சார், நான் ஹாஃப் பேக் ஆடுறேன், கீப்பிங் வேண்டாம்” என்றான்.

அவனுக்கு நான் என்ன சொல்வது? ‘பொறுமையாக இரு’ என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. அந்த டப்னிக் உட்கார்ந்திருந்த காலத்தில் என்னதான் செய்தார்? அதைச் சொல்லுங்கள்.

எட்மண்டன் நிலா

அண்ணா, உங்கள் பையன் தண்ணீர் நிரப்பியது போலத்தான் இங்கேயும். ஆட்டத்தின்போது வீரர்கள் மாறி மாறி உள்ளே வெளியே போவார்கள் இல்லையா, அந்தப் பெஞ்சின் கதவைத் திறந்து மூடுவது பல அரங்குகளில் பேக்கப் கீப்பர்தான். தலையில் தொப்பி, கழுத்துவரை முழுக் கவசம், கையில் கதவுத் தாழ்ப்பாள்.

ஆனால் நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 2023 மே 8, எங்கள் அரங்கில் வேகாஸோடு மூன்றாவது பிளேஆஃப் ஆட்டம். முதல் பகுதியிலேயே அவர்களுடைய கீப்பர் லாரன் பிராஸ்வா காயப்பட்டு விழுந்தார். பெஞ்சில் இருந்தது ஏடின் ஹில். முந்தைய ஆகஸ்டில் நான்காம் சுற்று டிராஃப்ட் உரிமை ஒன்றுக்கு வாங்கப்பட்டவர். ஒப்பந்தம் அந்தக் கோடையோடு முடிகிறது. தொப்பியைக் கழற்றி வைத்தார், முகக்கவசத்தை மாட்டினார். வலைக்கு முன்னால் வந்து இரண்டு பக்கமும் சறுக்கிப் பார்த்தார். இரண்டு கம்பத்தையும் மட்டையால் தட்டினார். அவ்வளவுதான் தயாரிப்பு. எதிரே எங்கள் நட்சத்திரங்கள் மெக்டேவிட், டிரைசைட்ல். 24 ஷாட் வந்தது, ஒன்றுகூட உள்ளே போகவில்லை. நாங்கள் 5-1 தோற்றோம். அடுத்த மாதம் அவர் கோப்பையைத் தூக்கினார், பிறகு இரண்டு ஆண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு 49 லட்சம்.

எனக்கு அன்று கோபம் கோபமாக வந்தது. இருந்தாலும் வீட்டுக்கு வந்து யோசித்தேன்: முன்னறிவிப்பே இல்லாமல் எழுந்து போய் அப்படி நிற்கிறவர் அன்று காலையும் அதற்கு முந்தைய நூறு காலையும் என்ன செய்திருப்பார் என்று.

பனித்தளம்

கோவில்பட்டி சார், உங்கள் கேள்விக்குத்தான் இந்த இழையே பிறந்தது என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் பேக்கப்புக்கு 82 ஆட்டத்தில் இருபது, இருபத்தைந்து கிடைத்தால் அதிகம். பெரும்பாலும் அடுத்தடுத்த நாள் வரும் ஆட்டங்களில் ஒன்று. அதனால் அவருடைய உண்மையான வேலைநாள் பயிற்சி நாள்தான். முதல் கீப்பர் சீக்கிரம் உள்ளே போய்விடுவார். பேக்கப் கடைசிவரை ஐஸில் இருப்பார். அன்றைக்கு ஆடாத வீரர்கள் அடிக்கும் ஷாட் எல்லாம் அவருக்குத்தான். சிலர் அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்வார்கள்.

டப்னிக் விஷயத்தில் மாறியது என்ன என்று அவரே பலமுறை பேசியிருக்கிறார். இரண்டு விஷயம். ஒன்று, அசைவைக் குறைத்தது. அவ்வளவு உயரமான ஆள் வலைக்கு முன்னால் உள்ள நீல அரைவட்டத்துக்குள் சரியான இடத்தில் சும்மா நின்றாலே வலையில் பெரும்பகுதி மறைந்துவிடும். வலை 6 அடி அகலம், 4 அடி உயரம்தான். எட்மண்டனில் அவர் பக்கைத் தேடிப் போனார், பக் வேறு பக்கம் போனது. பர்க்கிடம் வந்தபின் குறைவாக ஓடினார்.

இரண்டாவது, தலை. பக் மேல் மூலைக்கு வரும்போது கீப்பருக்குத் தன்னையறியாமல் தலை பின்னால் போகும். முகத்துக்கு நேரே 170 கிராம் உறைந்த ரப்பர் வருகிறது, யாருக்குத்தான் போகாது? தலை பின்னால் போனால் தோள் திறக்கும், தோள் திறந்தால் கை தாமதமாகும். அதை மாற்றி, வரும் பக்கை நோக்கித் தலையை முதலில் கொண்டுபோவது, கை தானாகப் பின்னால் வரும். கேட்டால் ஒரு வரி. உடம்பில் ஏற மாதக்கணக்காகும். ஒவ்வொரு இரவும் ஆடிக்கொண்டிருக்கும் முதல் கீப்பருக்கு அந்த மாதங்கள் கிடைக்காது. உட்கார்ந்திருக்கிறவருக்குத்தான் கிடைக்கும்.

உங்கள் பையனுக்கு ‘பொறுத்திரு’ என்று சொல்லாதீர்கள். செய்ய ஒரே ஒரு வேலை கொடுங்கள். ஒன்று மட்டும். அது முன்னேறுகிறதா என்று வாரம் ஒருமுறை நீங்கள் பாருங்கள், அவனுக்குத் தெரிகிற மாதிரி பாருங்கள்.

எண்கணக்கு

இந்தப் பதிவுக்குப் பிறகு என் வாதத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஹேமண்டையும் டப்னிக்கையும் ஒரே தட்டில் வைத்தேன். எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஹேமண்ட் மேலே வருவதற்கு முன் கீழ்நிலை அணியில் அவருடைய எண்கள் சாதாரணமாகத்தான் இருந்தன. திடீரென்று மாறியதற்குக் காரணம் சொல்ல எதுவும் இல்லை. டப்னிக்குக்கு முன்னே ஒரு நல்ல காலமும், நடுவில் மாற்றம் ஒன்றும், அதன் பின் 19 ஆட்டமும் இருந்தன.

ஆனாலும் ஆறு ஆண்டு அதிகம் என்ற நிலையில் இருந்து நான் இறங்கவில்லை. 29 வயதுக் கீப்பருக்கு நான்கு போதும். ஐந்தாவது சீசனில், 2019-20-இல், .890-க்கு வந்துவிட்டார், 2020 அக்டோபரில் ஆறாவது ஆண்டு தொடங்கும் முன்னே சான் ஹோசேக்கு அனுப்பிவிட்டார்கள்.

எட்மண்டன் நிலா

2019-20-இல் அவர் குடும்பத்தில் உடல்நலப் பிரச்சினை, நடுவில் அணியை விட்டு வீட்டுக்குப் போயிருந்தார். அந்த .890-ஐ மட்டும் தனியாக எடுத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை சார்.

எண்கணக்கு

ஏற்றுக்கொள்கிறேன். அதை நான் எழுதியிருக்க வேண்டும்.

ஹேமண்டுக்கும் ஒரு நியாயம் செய்துவிடுகிறேன். 2018 ஏப்ரலில் கொலராடோவின் இரண்டு கீப்பர்களும் காயம். மூன்றாவது ஆளாக நாஷ்வில்லில் ஐந்தாவது பிளேஆஃப் ஆட்டத்தில் இறங்கினார். 44 சேவ், 2-1 வெற்றி. நான் பார்த்த பேக்கப் ஆட்டங்களில் அதுவும் மேலே இருக்கும்.

ஸ்காபரோ அண்ணை

ஒரு விசயம் ஒருவரும் கவனிக்கவில்லை போல. 2015-இல் சிறந்த கீப்பருக்கான வெசினா விருதுக்குக் கடைசி மூவர்: கேரி பிரைஸ், பெக்கா ரின்னே, டப்னிக். பிரைஸ் வென்றார். அதற்கு முந்தின வருடம் டப்னிக்கை வாங்கிய இரண்டு அணியும் எது? நாஷ்வில், ரின்னேயின் அணி. அவர் இடுப்பு நோயோடு வெளியே இருந்ததால்தான் டப்னிக்கைக் கொண்டுவந்தார்கள். பிறகு மான்ட்ரியால், பிரைஸின் அணி. 12 மாதத்துக்கு முன் இவர்கள் இரண்டு பேருடைய நிழலிலும் இடமில்லாமல் இருந்த ஆள், அந்த இரண்டு பேருக்குப் பக்கத்தில் பெயர் எழுதப்பட்டு நிற்கிறார். ரின்னேயும் டப்னிக்கும் ஒரே 2004 டிராஃப்ட் வேறு. ஒருவர் 14-ஆவது, மற்றவர் 258-ஆவது.

விடாமுயற்சிக்கான மாஸ்டர்டன் விருது டப்னிக்குக்குத்தான் கிடைத்தது. அந்த விருதின் கடைசி மூவரில் ஹேமண்டும் இருந்தவர்.

இரவுப்பணி

ஸ்காபரோ அண்ணா, இதைப் படித்துவிட்டு வேலையை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

செயின்ட் லூயிஸ் கீப்பர் பின்னிங்டனையும் சேர்க்க வேண்டாமா? 2019 ஜனவரி 3 காலை செயின்ட் லூயிஸ் லீகிலேயே கடைசி இடம். 7-ஆம் தேதி முதல்முறையாகத் தொடக்கத்திலிருந்து ஆடி ஷட்அவுட், ஜூனில் கோப்பை. ஓராண்டு ஒப்பந்தம், ஆறரை லட்சம். அதற்கு முந்தைய சீசன் சொந்த அமைப்பில் நிற்க இடமில்லாமல் பாஸ்டனின் கீழ் அணியான பிராவிடன்ஸுக்கு இரவல் போனவர். கடைசியில் இறுதி ஆட்டத்தில் தோற்கடித்தது அதே பாஸ்டனை!

பனித்தளம்

அவருக்குத் தனி இழையே போடலாம். நீங்களே தொடங்குங்கள், நான் வருகிறேன்.

கோவில்பட்டி கீப்பர்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், போட்டி வேலை.

பனித்தளம் சொன்னபடி பையனுக்கு ஒரே வேலை கொடுத்தேன். பெனால்டி கார்னரில் மேலே தூக்கி அடிக்கும் பந்துக்கு அவன் முகத்தைத் திருப்பிவிடுவான். ஹெல்மெட் இருந்தும் பயம். தினமும் காலை முப்பது பந்து, அதற்கு மட்டும். டென்னிஸ் பந்தில் தொடங்கினேன். பந்து கையில் படுகிறதா என்று பார்க்கவே இல்லை, கண் கடைசிவரை பந்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். பந்தில் ஒரு எழுத்தை எழுதி, என்ன எழுத்து என்று கேட்பேன். முதல் வாரம் பாதிக்கு மேல் தப்பு. இந்த வாரம் முப்பதில் இருபத்து நான்கு சரி.

அப்புறம் நம் இந்திய அணிக் கீப்பர் ஸ்ரீஜேஷ் கதையையும் சொன்னேன். 2006-இல் அறிமுகமானவர், முதல் சில ஆண்டுகள் அணிக்கு உள்ளேயும் வெளியேயுமாகத்தான் இருந்தார், டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் வெண்கலமெல்லாம் அதற்கு வெகுகாலம் கழித்து. பையன் கேட்டுக்கொண்டான், ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேட்சில் மூன்றாவது கால்பகுதி முழுக்க அவனை நிறுத்தினேன். பதினைந்து நிமிடம். ஒரு கோல் விட்டான், அது யார் நின்றாலும் போயிருக்கும். அடுத்து ஒரு பெனால்டி கார்னர். மேலே வந்தது. முகம் திரும்பவில்லை. இடது கையில் பட்டு வெளியே போனது.

முடிந்ததும் என்னிடம் ஓடிவந்தான். நான் பாராட்டப் போகிறேன், அதற்குள் “சார், பந்துல எழுத்தே இல்லையே” என்றான்.

ஸ்காபரோ அண்ணை

தம்பி, அந்தப் பெடியனுக்குக் கையுறை என்ன அளவு? தனிமடலில் சொல்லுங்கோ.